தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டாம், ரோந்து வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் துப்பாக்கி உரிமத்தைத் தாராளமாகத் தர வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நாங்களும் தோட்டத்தில்தான் குடியிருக்கிறோம். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். அடுத்த வருடம் சிவகிரியில் ஒரு வயதான தம்பதி. அதற்குப் பிறகு ராத்திரி நாய் குரைத்தால் எங்கள் பக்கம் யாருக்கும் தூக்கம் வருவதில்லை.

ஆனாலும் துப்பாக்கி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் உரிமம் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அது எந்தத் திருடனையும் விரட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. மாமாக்களுக்குள் பாகப் பிரிவினைத் தகராறு முற்றியிருந்த சமயம், அமுச்சி தோட்டாக்களை ஒரு மஞ்சப்பையில் சுருட்டி, கம்பு மொடாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் புதைத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளைகளுக்குப் பயந்து! தகராறு தீர்ந்ததும் அப்புச்சி துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்.

தற்காப்புக்கென்று கோடிக்கணக்கான பேர் துப்பாக்கி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. 2023இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,000 பேருக்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகமானவை தற்கொலைகள். கடன், குடும்பச் சண்டை, மனம் நொந்த ஒரு ராத்திரி, இதெல்லாம் நம் வீடுகளில் இல்லையா? அந்த நேரத்தில் கைக்கு எது எட்டுகிறது என்பதில்தான் பல உயிர்கள் தங்கியிருக்கின்றன. இலங்கையில் 1990களில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்த பிறகு, சுமார் பத்தே வருடங்களில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பூச்சிமருந்தையே வீட்டில் வைக்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். துப்பாக்கியை வைக்கச் சொல்லலாமா?

சரி, திருடன் வந்தே விட்டான் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் இல்லை. என் அப்பாவுக்கு முதலில் கண்ணாடி வேண்டும், அப்புறம் டார்ச். துப்பாக்கியோ பூட்டி வைக்க வேண்டிய பொருள். பீரோவைத் திறந்து, தோட்டா போட்டு, இருட்டில் யார் மேல் சுடுவார்? பால் கறக்க வரும் பையன் மேல் பட்டால்? வீட்டில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால் அதைத் திருடவே ஒருவன் வருவான்.

1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி தற்காப்புக்கும் பயிர்க் காவலுக்கும் உரிமம் கேட்க இப்போதே வழி இருக்கிறது. தீர விசாரித்துக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். அந்த விசாரணையைத் தளர்த்தக் கூடாது. போதாததற்கு, தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைப் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அந்த மாதங்களில் மட்டும் திருடன் வரமாட்டானா?

எங்களுக்கு வேண்டியது வேறு. ரோந்து வண்டி தார்ச்சாலையோடு திரும்பிவிடாமல், தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிக்குள் வரட்டும். தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டு வாசலில் ரோந்துக்கான பட்டா புத்தகம் வைத்து, போலீஸ்காரர் ராத்திரி வந்து கையெழுத்துப் போடட்டும். நான்கைந்து தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு சைரன் வைக்கவும், கேமரா வாங்கவும் அரசு மானியம் கொடுத்தால், மீதிப் பணத்தை நாங்களே போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.