பிரீவுக்கு எவ்வளவு இடம்?

ஹட்டன்

அன்பின் மச்சான்,

கடிதமும், கோயில் திருப்பாடலுக்கு நீ தயாரித்த இசைத்தாளும் கிடைத்தன. இங்கே விடாத மழை. கொழுந்து குறைவு, வேலை நாளும் குறைவு. பாடகர் குழுவுக்கு மட்டும் ஆள் கூடியிருக்கிறது. பண்டாரவளையில் நல்ல வெயில் என்று எழுதி என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். மேலைநாட்டு இசைக்குறிப்பில் பிரீவ் என்ற நீண்ட சுரம், குரோச்செட் என்ற குறுகிய சுரத்தைவிடக் கால அளவில் எட்டு மடங்கு. அப்படியிருக்க இசைத்தாள் அச்சுக்கோக்கும் மென்பொருளான லிலிபொண்ட் தாளில் அதற்கு ஏன் இவ்வளவு ஒடுக்கமான இடம் தருகிறது என்று திட்டியிருக்கிறாய். மென்பொருள் தெரிந்தேதான் அப்படிச் செய்கிறது. கால அளவு இரட்டிக்கும்போது இடம் இரட்டிப்பதில்லை, ஒரு படிதான் கூடுகிறது. பாட்டில் பெரும்பாலும் குரோச்செட்டே மிகக் குறுகிய சுரமாக இருந்தால் அதற்கு ஏறக்குறைய இரண்டு பங்கு, அதன் இரட்டிப்பான மினிமுக்கு மூன்று, அதற்கும் இரட்டிப்பான செமிபிரீவுக்கு நான்கு, பிரீவுக்கு ஐந்து. ஒரு பங்கு என்பது ஏறக்குறைய ஒரு சுரத்தலையின் (சுரக்குறியின் வட்டப் பகுதியின்) அகலம். எட்டு மடங்கு இடம் கொடுத்தால் பக்கம் முழுவதும் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும். (லிலிபொண்டை 1996இல் தொடங்கியவர்கள் ஒல்லாந்தர் இருவர். நம் நாட்டுக்கு வந்த ஒல்லாந்தரைவிடச் சிக்கனக்காரர்கள்!)

உன் தாளில் நான் குறை காண்பது வேறு இடத்தில். இடம் போதவில்லை என்று பிரீவை எடுத்துவிட்டு, அசைக்கு ஒரு குரோச்செட்டாக வரிசையாக வைத்திருக்கிறாய். அதை அப்படியே பாடவைத்துப் பார்த்தேன். பெண்கள் படிக்கட்டில் இறங்குவதைப்போல ஒவ்வோர் அசையிலும் கால் ஊன்றினார்கள். திருப்பாடலைப் பேசுகிற வேகத்தில் ஒரே சுரத்தில் சொல்லிப்போக வேண்டும், அதற்குத்தான் பிரீவ்.

ஆகவே பிரீவையே திரும்ப வை. அதன் கீழ் வரும் சொற்கள் அனைத்தையும் ஒரே மேற்கோள் குறிக்குள் போட்டால் ஒரு சுரத்துக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும். அகலமும் சொற்களுக்கு ஏற்பத் தானாக விரியும். ஆனால் சொற்களை அது சுரத்தின் நடுவில் நிறுத்துவதால் பாதி வரி இடப்பக்கம் நீண்டு, சுரத்துக்கு முன்பே பாடத் தொடங்க வேண்டும்போலத் தோன்றும். அந்த வரிக்கு மட்டும் இடப்பக்கச் சீரமைப்பைக் கொடு. முதல் எழுத்து பிரீவுக்கு நேர் கீழே வந்து நிற்கும். மியூஸ்கோர் என்ற வேறு மென்பொருளில் தட்டுபவர்கள் சொல்லிடைவெளிக்குக் கன்ட்ரோல் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் போதும், அடுத்த சுரத்துக்குத் தாவாது.

தாளக் கட்டை நிறுத்தக் கடென்சா முறையை இயக்கியிருக்கிறாய், சரிதான். ஆனால் அதில் தாளச் சுற்றுகளைப் பிரிக்கும் தடுப்புக்கோடு இல்லாததால் வரி உடையாமல் தாளைத் தாண்டி ஓடிவிடும். வசனத்தின் நடுவில், மூச்சு வாங்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு தடுப்புக்கோட்டைச் செருகு. வரி அங்கே மடியும். பாடுபவருக்கும் அதுதான் வசதி.

இன்னொன்று: கோயில் பங்கு அலுவலகத்திலிருந்து வரும் வரிகள் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் இருக்கின்றன. ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வேலையைத் தொடங்கு.

பெரிய வியாழனுக்கான கோப்பை முடித்ததும் அனுப்பு. அச்சடிக்குமுன் ஒருமுறை பார்க்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நுவரெலியாவுக்குக் காட்டப் போவதாயிருந்தால் அப்படியே இங்கேயும் வந்து தங்கிப் போகலாம், முன்கூட்டி எழுது.

அன்புடன்,
உன் பழைய டெனர் பாடகன்