ஆமை நடைக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள்

சென்னைக் கடற்கரையை ஒட்டிய பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. அப்போது என் மகளின் பள்ளியில் 'ஆமைகளைக் காப்போம்' என்று ஓவியப் போட்டி வைத்தார்கள், அவளுக்குப் பரிசும் கிடைத்தது. கடல் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். ஆனால் அதுவரை அவள் ஓர் ஆமையைக்கூட நேரில் பார்த்ததில்லை.

இதே கரையில் 1988 முதல் மாணவர்களே குழுவாகச் சேர்ந்து, ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை, நீலாங்கரை தொடங்கி பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அப்புறம் ஒருநாள் அந்த நடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். மணலில் துடுப்புக்கால் இழுத்த தடம், தடம் முடிகிற இடத்தில் கலைந்த மணல். கூட வந்த கல்லூரிப் பையன் குச்சியை மெல்ல இறக்கிப் பார்த்தான், ஓரிடத்தில் அது பொசுக்கென்று உள்ளே போனது. பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைப்பதற்காக, தோள்வரை கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தான், நூற்றுக்கும் மேல், அவள் நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். அந்த நோட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

போட்டி, பேரணி எல்லாம் இருக்கட்டும், அவற்றோடு நிஜ வேலையையும் கொடுங்கள். வனத்துறை அனுமதியோடு, இந்தக் குழுக்களோடு சேர்ந்து, ஒன்பதாம் வகுப்பையும் பதினொன்றையும் சனிக்கிழமை ராத்திரிகளில் அனுப்பலாம். பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளை விட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் மாலையில் வந்து குஞ்சுகள் கடலுக்குப் போவதைப் பார்க்கட்டும். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஊரும், அதனால் தெருவிளக்கு எரிகிற பக்கம் திரும்பிச் செத்துப்போகிறது. எந்த விளக்கு கடற்கரையில் விழுகிறது என்று வரைபடம் போட்டு மாநகராட்சிக்கு மனு எழுதுவதை எட்டாம் வகுப்பே செய்துவிடும்.

இன்னொன்று, இதை முக்கியமாகச் சொல்கிறேன். உங்கள் வகுப்பில் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காற்று, நீரோட்டம், வலை, ஆமை எல்லாம் அவர்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. ஊரூர் குப்பத்துத் தாத்தா ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், அவருடைய பேரப்பிள்ளை அன்று வகுப்பில் எப்படி நிமிர்ந்து உட்காரும் என்று பாருங்கள்.

துணைக்கு வரும் பெற்றோர் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சனிக்கிழமையானாலும் சரி.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தந்தை