சித்தப்பாவுக்கு, நிறுத்திய கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். நம் வீட்டுக் கதை இன்னும் நாலு வீட்டுக்கு உதவட்டும் என்று நீங்களே சொன்னீர்கள்.

போன வாரம் லேபில் உங்கள் ரத்தத்தை எடுத்ததே நான்தான். டியூபைச் சுழலவிட்டு எடுத்தபோது, மேலே பிரிந்த நீரான சீரம் தேன் நிறத்தில் தெளிவாக நின்றது. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எகிறியிருந்தால் பால் கலந்ததுபோல வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிற எல்டிஎல் அப்படிக் காட்டிக்கொடுக்காது. மெஷின் 248 என்று சொன்னதும் மனசு கேட்காமல் இன்னொரு தடவை ஓட்டினேன். அதே எண்தான்.

“குடல் குழம்பை விட்டு மூணு வருஷமாச்சு, தினமும் காலையில தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கிறேன், அப்புறமும் ஏன்?” என்று கேட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை சித்தப்பா, இது நம் குடும்பத்தில் வழிவழியாக வருவது போலிருக்கிறது. சோழவந்தான் கொடிக்காலில் தாத்தாவின் குதிகாலைப் பார்த்திருப்பீர்களே. குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்துப் புடைத்திருக்கும். உரசுகிறது என்று செருப்பின் பின்வாரை அறுத்துவிட்டுத்தான் போடுவார். அது கொலஸ்ட்ரால் படிந்த தடிப்பு என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது. 44 வயதில் அந்தக் கொடிக்காலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அப்பாவுக்கு 46-இல் ஸ்டென்ட்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் இப்படிப்பட்ட குடும்பங்களைத்தான் ஆராய்ந்தார்கள். சிறு வயதிலேயே மாரடைப்பு வருகிற அளவுக்கு நோய் முற்றியவர்களின் தோல் செல்களை எடுத்து வளர்த்தார்கள். மற்றவர்களின் செல் வெளியே எல்டிஎல் கிடைத்தால் தன் சொந்தக் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைத்துக்கொண்டது. இவர்களின் செல் எவ்வளவு கொடுத்தாலும் கண்டுகொள்ளவே இல்லை. காரணம், எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி என்ற கொக்கி சவ்வின் மேல் இல்லை. 1985-இல் இருவருக்கும் நோபல் பரிசு. பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து மட்டும் கெட்ட மரபணு வந்தவர்களுக்குக் கொக்கி பாதி இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். “செல் சவ்வுக்கே கொலஸ்ட்ரால்தான் ஆதாரமாம், அதை ஏன் குறைக்கணும்?” என்று போனில் ஒரு வீடியோ பார்த்து நிறுத்திவிட்டீர்கள். முதல் பாதி உண்மை. அப்பத்தாவின் நெய்க் கிண்ணம் மார்கழியில் உறையும், சித்திரையில் ஓடும். செல்லைச் சுற்றியிருப்பதும் கொழுப்புப் படலம்தான். அது கெட்டிப்படவும் கூடாது, ஒழுகவும் கூடாது. அந்தக் கொழுப்புகளுக்கு நடுவே தட்டையான உடம்போடு செருகி நின்று பக்குவம் காப்பது கொலஸ்ட்ரால். அதைச் சின்னச் சின்ன அசிடேட் துண்டுகளைக் கோத்து உடம்பே செய்துகொள்கிறது என்று காட்டியதில் கொன்ராட் பிளாக்கிற்குப் பெரிய பங்கு. அவருக்கு 1964-இல் நோபல் கிடைத்தது.

ஆனால் சவ்வுக்கு வேண்டியது கொஞ்சம்தான். பிறந்த குழந்தையின் எல்டிஎல் 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். உடம்பும் மூளையும் வேகமாக வளர்கிற காலத்திலேயே அவ்வளவுதான். உங்கள் 248-இல் மிச்சம் முழுக்க ரத்தக்குழாயில் படியக் காத்திருக்கிறது.

இன்னொன்று. ஜப்பானில் அகிரா எண்டோ 1973-இல் ஒரு பூஞ்சணத்தில் கண்டெடுத்த பொருளின் வம்சம்தான் உங்கள் மாத்திரை. அது கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கிறது. உடனே கல்லீரல் செல், தனக்குப் போதவில்லையே என்று, இருக்கிற ஒரு நல்ல மரபணுவைக் கொண்டே கூடுதல் கொக்கிகளைச் செய்து சவ்வில் மாட்டுகிறது. ரத்தத்திலுள்ள எல்டிஎல்லை அதுவே இழுத்துக்கொள்கிறது. முதன்முதலில் இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தாத்தா போனதற்கு அப்புறம் வந்த மருந்து என்ற நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது.

டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். அப்புறம், தம்பிக்கு 19 ஆகிறது. இந்தக் கெட்ட மரபணு பிள்ளைகளுக்கு இறங்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவன் ஒல்லியாக இருக்கிறான், பந்து விளையாடுகிறான் என்று சொல்லாதீர்கள், தாத்தாவும் ஒல்லிதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே லேபைத் திறந்துவிடுவேன். அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஊசி என்றால் பயப்படுவான், எனக்குத் தெரியும். நானே எடுக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள்
கோரிப்பாளையம், மதுரை