வள்ளிக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள வள்ளிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தம்பிக்குத் தூத்துக்குடிக்கே மாறுதல் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுகிறான். மற்ற செய்திகளைப் போனில் பேசிக்கொள்ளலாம். போனில் பேச முடியாததற்குத்தான் இந்தக் கடிதம். எப்போது கூப்பிட்டாலும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பக்கத்தில் சம்பந்தியம்மா இருக்கிறார்கள், மாப்பிள்ளை இருக்கிறார். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

கோயில் கொடைக்கு வந்த இரண்டு நாளும் நீ தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டு அறையில் கிடந்தாய். உன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருக்கிறது. 'தூக்கமில்லை அம்மா' என்றாய். நீ புறப்பட்ட அன்று பேரனின் துணிமணிகளை மடித்து உன் பைக்குள் வைத்தது நான்தான், உள்ளே இருந்த மாத்திரை அட்டையும் கண்ணில் பட்டது. நான் எதையும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கப்போவதில்லை. பொதுவாகச் சில விஷயங்களை எழுதுகிறேன், படித்துக்கொள்.

முதலில் அந்த ஒற்றை மாத்திரை. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளும் அவசரக் கருத்தடை மாத்திரை. நம் ஊர் மருந்துக்கடைகளில் அதைக் கேட்டால் இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். புனேயில் எளிதாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அது விஷம் இல்லை, கர்ப்பப்பையைக் கெடுத்துவிடும் என்று சொல்வதெல்லாம் உண்மையும் இல்லை. என்றைக்காவது ஆணுறை கிழிந்துபோனால் கைகொடுக்கும், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள். சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போன முட்டை சில நாள் கழித்து வரும். நேற்றுப் போட்டாயிற்றே என்ற தைரியத்தில் நாலு நாள் கழித்து எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்தால் கர்ப்பம் தங்கிவிடலாம். அதோடு, மாதத்துக்கு இரண்டு மூன்று முறை போட்டால் தீட்டு எந்தத் தேதியில் வருகிறது என்ற கணக்கே குழம்பிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறதா, மாத்திரையால் தாமதமா என்று தெரியாமல் ஒவ்வொரு மாதமும் பயந்து சாக வேண்டும். அந்தப் பயத்தில் தூக்கம் எப்படி வரும்?

இரண்டாவது, உன் தலைவலி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பத்தாம் வகுப்பிலிருந்து உனக்கு வலி தொடங்கும் முன்னால் கண்முன் கோணல்மாணலாக வெளிச்சக் கோடு ஓடும் என்பாய். பாதி எழுத்து தெரியவில்லை என்று பரீட்சையில் அழுதவள் நீ. அப்படிக் கண்ணில் கோடு ஓடும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் தினமும் போடும் கருத்தடை மாத்திரையை, இரண்டு ஹார்மோன் கலந்ததை, தொடவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. அது மட்டுமில்லை, பிள்ளை தாய்ப்பால் குடிக்கும் முதல் ஆறு மாதத்தில் அந்த மாத்திரை பாலையும் குறைக்கும். இவ்வளவும் மருந்துக்கடைப் பையனுக்கு எப்படித் தெரியும்? எம்.இ. படித்த நீ அவனிடம் போய்க் கேட்பாயா? எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாகக் கண்ணில் ஓடும் கோட்டைச் சொல். அவர்கள் கேட்க மாட்டார்கள், நீதான் சொல்ல வேண்டும்.

உனக்கு இதெல்லாம் புதிதில்லை. அரசு கொடுக்கும் தினசரி கருத்தடை மாத்திரையான மாலா-என் அட்டையில் ஏழு மாத்திரை மட்டும் ஏன் வேறு நிறம் என்று எட்டு வயதில் கேட்டவள். இரும்புச் சத்து மாத்திரை என்று நான் சொன்னதும், 'அப்படியென்றால் அதை மட்டும் ஆச்சிக்குக் கொடு' என்றாய். சுகாதார நிலையத்தில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

துணை சுகாதார நிலையத்தில் நான் பார்த்த பெண்களைப் பற்றிச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் இலக்குதான். மாதத்துக்கு இத்தனை கருத்தடை ஆபரேஷன், கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் இத்தனை. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். 1996இல் அந்த இலக்கை எடுத்தார்கள். ஆனாலும் பழக்கம் போகவில்லை. இரண்டு பிள்ளை பிறந்ததும் ஆபரேஷன், அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்பதுதான் நம் பக்கத்துப் பெண்களின் கணக்கு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பார். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது 100க்கு 1 கூட இல்லை. நானும் தம்பி பிறந்த கையோடு செய்துகொண்டவள்தான், உனக்குத் தெரியும். நீ அந்தக் கணக்கில் சேர வேண்டாம். உனக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று நீ முடிவு செய்ய இன்னும் காலம் இருக்கிறது.

மேலத்தெருவில் ஒரு பெண், உன்னை இடுப்பில் வைத்துத் திரிந்தவள், கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி போட்டுக்கொண்டாள். முதல் மூன்று மாதம் தீட்டு பெரும்பாடு மாதிரி அதிகமாகப் போனது, இடுப்பு வலி வேறு. அவள் மாமியார் அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கர்ப்பப்பையை விட்டு நெஞ்சுக்கு ஏற வழியே கிடையாது. அவளைக் கையோடு கூட்டிப்போய் டாக்டரிடம் காப்பர் டியின் நூலைப் பார்க்கச் சொன்னேன், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தோம், நாலாம் மாதம் அடங்கியது. 380ஏ வகை பத்து வருடம் வரும். அவள் பத்து வருடமும் முடித்துவிட்டுத்தான் எடுக்க வந்தாள். அதில் ஹார்மோன் கிடையாது, தலைவலிக்காரர்களுக்கு அது நல்லது. வேண்டாம் என்றால் எடுத்த உடனே பிள்ளை உண்டாகலாம். ஆனால் உன் இமை வெளுத்திருக்கிறதே, அதனால் முதலில் ஹீமோகுளோபின் பார். ரத்தம் குறைவாக இருக்கிற நேரத்தில் காப்பர் டி போட்டால் இன்னும் சோர்ந்துபோவாய். ஹார்மோன் உள்ள கருவி ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில்தான் போடுவார்கள், விலை ஆயிரக்கணக்கில் வரும். அது தீட்டைக் குறைத்துவிடும். அதையும் கேள். ஹீமோகுளோபின் பார்க்க மறக்காதே.

தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற ஒருத்தி அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டுக்கொண்டாள். 2017இல் அரசு கொண்டு வந்தது, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. வீட்டில் ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்பதற்காகவே அவளுக்கு அது பிடித்திருந்தது. அட்டையைக்கூட என்னிடமே கொடுத்து வைத்திருந்தாள். இரண்டாவது ஊசிக்குப் பிறகு தீட்டே வரவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். அந்த ஊசியில் அப்படித்தான் ஆகும், அது கர்ப்பம் இல்லை என்று சோதித்துக் காட்டிய பிறகுதான் சாப்பிட்டாள். நிறுத்தியபின் அடுத்த பிள்ளை தங்க ஒரு வருடம் போல ஆனது. சீக்கிரம் இன்னொன்று வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஊசியை நான் சொல்வதில்லை.

சாயா என்ற கருத்தடை மாத்திரையும் இருக்கிறது. லக்னோவில் மத்திய அரசின் மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தது. வாரத்துக்கு இரண்டு என்று மூன்று மாதம், அப்புறம் வாரத்துக்கு ஒன்று. ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவர்களும் போடலாம். தொடக்கத்தில் தீட்டு தள்ளித் தள்ளி வரும், அதுதான் பெண்களைப் பயமுறுத்துகிறது. கிழமையை மறந்தால் பயனில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் அது ஆகாது. உனக்கு ஸ்கேனில் ஏதாவது சொன்னார்களா என்று எனக்கு நினைவில்லை, நீயே பார்த்துச் சொல்.

எதைப் போட்டாலும் ஒரே மாதிரி எல்லாப் பெண்களுக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஒருத்திக்கு ஒன்றுமே செய்யாதது அவள் தங்கைக்கு ஆகாமல் போகும். ஒத்துவரவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, மாற்று. டாக்டரைப் போய்ப் பார், ஒற்றை மாத்திரையிலேயே காலத்தைத் தள்ளாதே.

மாப்பிள்ளையைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். நல்ல மனிதர், உன்னைத் தாங்குகிறார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பேரனைப் பெற்றது நீ, பால் கொடுத்தது நீ, மாத்திரையும் நீதான் விழுங்க வேண்டும் என்றால் அவர் பங்கு என்ன? ஆணுறை அவர் வாங்கி வரலாம். உனக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாத காலத்தில் அது நல்ல பாதுகாப்பு, ஒவ்வொரு முறையும் தவறாமல் போட்டால். பிள்ளை போதும் என்று இருவரும் முடிவெடுத்தால் ஆண்களுக்கான ஆபரேஷன் கத்தியில்லாமல் தையலில்லாமல் சின்னத் துளையில் முடிந்துவிடுகிறது. மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து விந்துப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். அவசரநிலைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்த பயம் இன்னும் ஆண்களிடம் இருக்கிறது. நம் தெருவில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் செய்துகொண்டார். மூட்டை தூக்கினார், வயலுக்குப் போனார், ஒன்றும் குறையவில்லை. அவர் மனைவி என்னிடம் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கு மறக்காது.

இன்னொன்று எழுத வேண்டும். இதையும் பொதுவாகவே எழுதுகிறேன். நாள் தள்ளிப்போய், வேண்டாம் என்று நினைத்தால், கலைக்கும் மாத்திரையை வாங்கித் தானாகப் போட்டுக்கொள்ளாதே. ரத்தம் நிற்காமல் ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன், வள்ளி. பாதி கலைந்து பாதி தங்கி, காய்ச்சலோடு. கருக்கலைப்புக்கு 1971 முதல் சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயது முடிந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ சட்டம் கேட்கவில்லை. கேட்கும் ஆஸ்பத்திரி இருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போ. பணம் வேண்டும் என்றால் என் பென்ஷன் கணக்கிலிருந்து அனுப்புகிறேன், அப்பாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம். நான் வர வேண்டும் என்றால் வருகிறேன். பேரனைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

பேரனுக்கு முருங்கைக்கீரைப் பொடி தம்பி மூலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதில் உனக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது, சோற்றில் போட்டுச் சாப்பிடு. எல்லாவற்றையும் அவனுக்கே ஊட்டிவிட்டு நீ டீயைக் குடித்துக்கொண்டு இருக்காதே.

இந்த வாரத்திலேயே பெண் டாக்டர் ஒருவரைப் பார். ஹீமோகுளோபின், தலைவலி, கண்ணில் ஓடும் கோடு, கடைசியாகத் தீட்டு வந்த தேதி, இந்த மூன்று மாதத்தில் என்னென்ன மாத்திரை போட்டாய் என்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போ, ஒன்றையும் மறைக்காதே. பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிடு. அப்பா பதினோரு மணிக்கு மேல் தோட்டத்துக்குப் போய்விடுவார், சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அந்த நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய் நின்று பேசு, ஸ்பீக்கரில் போடாதே.

இப்படிக்கு,
அம்மா