களைத்துப்போனவனைக் "காசு வாங்கிட்டான்" என்று சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

இரணைமடுவுக்குக் கிட்ட ஒரு சின்னக் கழகத்தில் பெடியளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். போன மாதம் எங்கள் பக்கம் நடந்த ஒருநாள் சுற்றுப்போட்டி இன்னும் மனதை அறுக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குத் தொடங்கி விலகல் முறையில் எல்லா ஆட்டமும் ஒரே மைதானத்தில், சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிறது, எங்கள் பெடியள் மூன்று ஆட்டம் வென்று பின்னேரம் அரையிறுதிக்கு இறங்கும்போது மத்தியானம் வயிற்றுக்குள் போனது ஆளுக்கொரு பணிசும் சோடாவும்தான்.

கடைசி ஐந்து நிமிடம். எங்கள் நடுக்கள வீரனின் காலில் பந்து. இடப்பக்கம் ஒருவன் தனியாக நின்று கை காட்டுகிறான், காலையில் இதே பந்தை இவன் நிமிர்ந்து பார்க்காமலே கொடுத்தவன். இப்போது நேரே எதிரணிக்காரனிடம் தட்டிவிட்டு, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துவிட்டான். துரத்திப் போகவும் இல்லை. கோல். கயிற்றுக்குப் பின்னால் நின்ற ஒருவர் "காசு வாங்கிட்டான்" என்று கத்த, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் முதல் நாள் இரவு இரண்டு மணிவரை சிறுபோக நெல் மூட்டை ஏற்றிவிட்டு வந்தவன். அடுத்த நாள் என்னிடம் சொன்னான்: "அவன் நிண்டதைக் கண்டனான் அண்ணா. ஆனா என்ன செய்யிறதெண்டு மண்டைக்குள்ள ஓடேல்ல."

களைப்பு காலுக்கு மட்டும் வருகிற சாமான் இல்லை. 2009இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 16 பேரைக் கணினிக்கு முன் 90 நிமிடம் மூளையைக் கசக்கும் வேலை செய்யவிட்டு, அப்புறம் முடியாமல் போகும்வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். சும்மா ஆவணப்படம் பார்த்துவிட்டு வந்த நாளில் சராசரியாக 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள், மூளையைக் கசக்கிய நாளில் 640இலேயே விட்டுவிட்டார்கள். இதயமோ தசையோ அதற்குக் காரணமில்லை, அதே மிதிப்பு அவர்களுக்குப் பெரிய பாரமாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நாங்கள் "அவனுக்கு விளையாட மனமில்லை" என்று சொல்வது பல நேரம் இதைத்தான்.

2014 உலகக்கிண்ணத்தில், பிரேசில் வெயிலில், ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கவிட்டார்கள். அவர்கள் முழுநேர வீரர்கள். மூட்டை ஏற்றிவிட்டு வருகிற எங்கள் பெடியளை ஒரே நாளில் நாலு ஆட்டம் ஆடவிட்டு, நாலாவதில் பிழைவிட்டால் அவன் நேர்மையைச் சந்தேகிப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, ஏற்பாட்டாளர்களுக்கு உள்ள சிக்கலும் தெரியும்: மைதான வாடகை, நடுவர் காசு, ஒலிபெருக்கி, எல்லாம் நாள்கணக்கு. ஆனாலும் காலிறுதி வரைக்கும் ஒரு சனி, மிச்சத்தை அடுத்த சனி என்று பிரிக்கலாம். மாற்று வீரர்களைத் தாராளமாக இறக்க விடலாம். இரண்டாவது நாளுக்குக் கோடு போடுவது, தண்ணீர் பிடித்து வைப்பது எல்லாவற்றையும் எங்கள் கழகம் பொறுப்பெடுக்கும். அந்தப் பெடியன் இன்னும் பயிற்சிக்கு வரவில்லை. அன்றைக்குக் கத்தியவர் இந்தக் கடிதத்தைப் பார்த்தால், ஒருக்கால் அவன் வீட்டுப் படலையடிக்குப் போய் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு பயிற்றுநர்,
கிளிநொச்சி