விண்ணப்பம் போட்டவரைப் பூட்டி வைக்காதீர்கள்

பிரிட்டனின் குடிவரவு விதிகளை எழுதுவோருக்கு,

வணக்கம். தாமதம் என்று குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. என் போன்ற ஆராய்ச்சியாளர்களுக்குத் தரும் குளோபல் டேலன்ட் விசாவின் நீட்டிப்புக்கு எட்டு வாரம் என்றீர்கள். ஏழாவது வாரமே கிடைத்துவிட்டது. நன்றி. என் மனக்குறை அந்த ஏழு வாரத்தைப் பற்றியது. முடிவு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தால், விண்ணப்பத்தை நாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாகக் கருதுகிறீர்களே, அந்த விதியை நீக்குங்கள்.

என் அப்பா விசுவாவசு ஆண்டு, கார்த்திகை மாதம், ரோகிணியில் பிறந்தவர். அது 1965. அந்த ஆண்டு அறுபது வருடம் கழித்துத்தான் திரும்பி வரும், 2025-இல் வந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மண்டபம் காலியாக இருக்கிறதா, பிள்ளைக்கு லீவு கிடைக்குமா என்று பார்த்துக் குறிக்கிற நாள் இல்லை இது. என் விசா முடிந்தது நவம்பர் கடைசியில். ரோகிணி வந்தது டிசம்பர் முதல் வாரத்தில், தீபம் முடிந்த கையோடு.

முன்கூட்டியே விண்ணப்பித்திருக்கலாமே என்பீர்கள். எனக்கும் மனைவிக்கும் கட்டணம் ஆளுக்கு 766 பவுண்டு, விசாவோடு கட்ட வேண்டிய ஒரு வருட மருத்துவ வரி ஆளுக்கு 1,035 பவுண்டு. மொத்தம் 3,602. அதைச் சேர்க்க அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. இன்னும் 500 கட்டினால் ஐந்து வேலை நாளில் முடிவு கிடைக்கும், தெரியும். அந்த 500-இல் ஊருக்குப் போய்வர டிக்கெட்டே எடுத்துவிடலாம் சார்.

சரி, கல்யாணம் நடந்தது. அங்கே காலை ஆறு மணி முகூர்த்தம், நான் இருக்கும் லீட்ஸில் நள்ளிரவு பன்னிரண்டரை. தங்கை போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலசத் தண்ணீரை அப்பா அம்மா தலையில் ஊற்ற மூத்த பிள்ளையைக் கூப்பிட்டார் குருக்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சித்தப்பா மகன் முன்னால் வந்தான். அப்பா ஈரத் தலையோடு போன் பக்கம் திரும்பி, “தூங்கலையாடா?” என்று கேட்டார்.

முடிவு வந்தது ஆறு நாள் கழித்து.

அயர்லாந்துக்குப் போனால் விண்ணப்பம் ரத்தாகாதாம். தாராளம்தான். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே போகவும் தனி விசா வேண்டும், தவிர அபிராமி அங்கே இல்லை.

இந்த விசாவுக்கே உலகளாவிய திறமை என்றுதான் பெயர் வைத்தீர்கள். ஆராய்ச்சிக்காக நான் வெளிநாட்டில் இருக்கும் நாட்களை வருடத்துக்கு 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்ற நிரந்தர வசிப்புரிமைக் கணக்கில்கூடச் சேர்ப்பதில்லை. அதே ஆள் ஒரு விண்ணப்பம் போட்டதும் எல்லை தாண்டக் கூடாதவன் ஆகிவிடுகிறான்.

இன்னொன்று. 2023 நவம்பரில் முதல் விசா எடுத்தபோது மருத்துவ வரி வருடத்துக்கு 624 பவுண்டு. ஐந்து வருடத்துக்கும் மொத்தமாகக் கட்டக் கையில் பணம் இல்லாததால் இரண்டு வருடம்தான் கேட்டோம். 2024 பிப்ரவரியில் அது 1,035 ஆனது. காசு இருந்தவருக்குப் பழைய விலை, இல்லாதவருக்குப் புது விலை. நீட்டிப்பு என்ற இந்தப் பூட்டும் அவருக்குத்தான். மூன்று வருடத்தில் எனக்கு நிரந்தர வசிப்புரிமை, என்னோடு வந்த மனைவிக்கு ஐந்து வருடம். பொதுவாக உள்ள ஐந்தைப் பத்தாக்கலாம் என்று உங்கள் அரசின் 2025 மே மாதக் கொள்கை அறிக்கையான வெள்ளை அறிக்கை சொன்னதிலிருந்து, அவள் காலண்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். இதையெல்லாம் ஒரே மடலில் கேட்டால் எதுவும் நடக்காது என்று எனக்கும் தெரியும். ஒன்றை மட்டும் கேட்கிறேன்.

வரும் நவம்பரில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பேன். அதற்கு முடிவு வர ஆறு மாதம் வரை ஆகலாம். அப்போதும் இதே விதிதான். என் கைரேகை உங்களிடம் இருக்கிறது, விசாவும் இப்போது இணையத்தில்தான் இருக்கிறது. நான் எங்கே இருந்தாலும் நீங்கள் முடிவெடுக்கலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது போய்வர அனுமதியுங்கள். அதற்குள் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை இருக்கிறது. தயவுசெய்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
லீட்ஸில் வாழும் ஒரு பேட்டரி ஆராய்ச்சியாளர்