மிசோரத்தின் பிடியரிசியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மிசோரம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 2025 மே மாதம் அறிவித்த செய்தியையும், அதே வருஷம் செப்டம்பரில் சாய்ராங் வரை ரயில் வந்த செய்தியையும் உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். இரண்டும் நல்ல செய்திகள், போட்டதற்கு நன்றி. ஆனால் அந்தக் கல்வி எப்படி வந்தது என்று சொல்ல வந்த இடத்தில் "வெள்ளைக்கார மிஷனரிகள் செய்த வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. அது பொய் இல்லை, ஆனால் பாதிக் கதை. அந்த மிஷனரிகள் ஊரைவிட்டுப் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகப் போகிறது. இன்றைக்கு அங்கே ஓடுகிற ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கல்லூரியும் எந்தப் பணத்தில் ஓடுகின்றன என்று உங்கள் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன். 1994ல் தெற்கு மிசோரத்தில் இருக்கும் லுங்லேவுக்கு மாற்றல் வந்தது. மிசோரத்துக்குக் கிறிஸ்தவம் வந்து நூறு வருஷம் ஆன விழாவை அந்த ஜனவரியில் மாநிலம் முழுக்கக் கொண்டாடி முடித்திருந்தார்கள். தலைநகர் ஐசாலிலிருந்து சுமோவில் ஆறேழு மணி நேரம் வளைந்து வளைந்து போக வேண்டும். என் மனைவியும் நாலு வயது மகளும் வழியெல்லாம் வாந்தி. போய் இறங்கினால் மொழி தெரியாது, சாப்பாடு பிடிபடாது, ஏன் வந்தோம் என்று இருந்தது.

எங்களுக்கு வீடு கொடுத்த அம்மாவை எல்லோரும் 'பி' என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், அங்கே பெண்களுக்கு அது மரியாதைச் சொல், ஆண்களுக்கு 'பு'. வயல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து விதைக்கிற ஜூம் நிலம் கொஞ்சம், அவ்வளவுதான். அங்கே பகலில் இரண்டு வேளைதான் முழுச் சாப்பாடு, காலையில் ஒன்று, சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் ஒன்று. இரண்டு வேளையும் அவர் உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி அள்ளிப் பக்கத்தில் இருக்கும் சின்ன டப்பாவில் போடுவார். முதலில் நான் கோழிக்கு என்று நினைத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து டப்பாவைக் கவிழ்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். சேர்ந்த அரிசியைச் சபையிலேயே விற்பார்கள், சில சமயம் போட்டவர்களே காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காசு ஊழியத்துக்கு.

இதன் பெயர் 'புஃபாய் தாம்'. பிடியரிசி என்றுதான் அர்த்தம். இந்த வழக்கம் வடக்கே இருக்கும் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 வாக்கில் தொடங்கியது, தெற்கே பாப்டிஸ்டுகளும் எடுத்துக்கொண்டார்கள். மிசோரத்தில் பொதுவாக வடக்குப் பகுதி பிரஸ்பிட்டேரியன், தெற்கு பாப்டிஸ்ட். நான் சொல்ல வருவது தெற்கைப் பற்றி, லுங்லேயை ஒட்டி இருக்கும் செர்கான் என்ற இடத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மிசோரம் பாப்டிஸ்ட் சபையைப் பற்றி.

வெள்ளைக்காரர்கள் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லொரெய்ன், சாவிட்ஜ் என்று இரண்டு பேர் 1894 ஜனவரி 11 அன்று வந்தார்கள். இன்றைக்கும் அந்த நாள் அங்கே அரசு விடுமுறை. அவர்களை அனுப்பியவர் லீட்ஸ் நகரத்து ஆர்திங்டன், பெரிய பணக்காரர், தனக்கென்று செலவழிக்காமல் மிஷன் வேலைக்கே கொடுத்தவர். எழுத்தே இல்லாத மொழிக்கு ரோமன் எழுத்தில் ஒரு வரிவடிவம் அமைத்து, இலக்கணமும் அகராதியும் எழுதி, லூக்கா, யோவான் சுவிசேஷங்களை மொழிபெயர்த்து, நாலே வருஷத்தில் இவ்வளவும் செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போனார்கள். மறுபடியும் 1903 மார்ச் 13ல் லண்டன் பாப்டிஸ்ட் மிஷன் வழியாகத் தெற்கே வந்து செர்கானில் தங்கினார்கள். லொரெய்னின் பெரிய அகராதி 1940ல் கல்கத்தாவில் அச்சானது, நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்த புத்தகம். அப்புறம் சாப்மன், கிளார்க் என்று இரண்டு பெண்கள் வந்து பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். சாப்மன் அம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் 'ஸிர்திரி', கற்றுக்கொடுப்பவள் என்று பொருள் வரும். ஊரே பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்ட மனிதர்கள் இவர்கள்.

ஆனால் ஒரு மாநிலமே படித்தது இந்த நாலைந்து பேரால் மட்டும் ஆகியிருக்க முடியுமா? நான் பார்த்ததைச் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஓய்வுநாள் பள்ளி என்றால் குழந்தைகளுக்கு மட்டும். அங்கே அப்படி இல்லை, பல் போன பாட்டியும் ஞாயிற்றுக்கிழமை பகலில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவார். படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது, அவர் இன்னொருவருக்கு, இப்படியே கிராமம் கிராமமாகப் போயிருக்கிறது. பள்ளிக்கூடமே இல்லாத மலைக்கிராமத்திலும் சபைக் கட்டடம் இருந்தது, அதுவே வகுப்பறை. 2011 கணக்கெடுப்பில் மிசோரத்தில் எழுத்தறிவு 91.33 சதவீதம், அப்போது நம் தமிழ்நாடு 80.09. அந்த பதினொரு சதவீத வித்தியாசத்துக்குப் பின்னால் அந்தப் பாட்டிகளும் இருக்கிறார்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. போன முதல் மழைக்காலத்திலேயே என் மகளுக்கு மலேரியா. அந்த ராத்திரி எங்களைச் செர்கான் கிறிஸ்தவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது வீட்டுக்கார அம்மாவும் அவர் மகனும்தான். பெரிய கட்டடம் இல்லை, ஆனால் சுத்தம், நர்ஸ்கள் அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள். மொழி தெரியாமல் நின்ற என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் தலாபுங் பக்கத்திலிருந்து வந்த சக்மா குடும்பம், அவர்கள் பௌத்தர்கள். யாரையும் நீ என்ன மதம் என்று கேட்டு நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. பில் வந்தபோது தொகையைப் பார்த்து நான் தயங்கி நின்றேன், இவ்வளவுதானா என்று. வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே கையைக் குவித்து, அரிசி அள்ளிப் போடுவது போலக் காட்டினார். அன்றைக்குத்தான் அந்த டப்பா எனக்குப் புரிந்தது.

அரிசி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சம்பளக்காரர்கள் பத்தில் ஒரு பங்கு, அதாவது தசமபாகம், சுணங்காமல் கொடுப்பார்கள். இளைஞர்கள் விறகு வெட்டி விற்றுக் கொடுப்பார்கள். எல்லாம் மேலே ஒரே இடத்தில் சேர்ந்து அங்கிருந்து பிரிந்து போகும், ஆகவே ஏழைக் கிராமத்தின் போதகர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. 2007ல் லுங்லேவுக்குப் பக்கத்தில் பட்டப்படிப்புக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியதும் இந்தச் சபைதான், ஹாதிம் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் மேல்படிப்பு என்றால் பலர் ஐசாலுக்கோ ஷில்லாங்குக்கோ பிள்ளைகளை அனுப்பிய தெற்குப் பகுதிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே இருந்தவனுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் வசதியான காலத்தில் நடந்த கதையும் இல்லை. 1959ல் மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சலையெல்லாம் தின்று தீர்த்த பஞ்சம் வந்தது, மௌதாம் என்பார்கள், ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒருமுறை வரும். அந்தப் பஞ்சத்தில் அரசாங்கம் கைவிட்டது என்ற கோபத்தில்தான் 1966 கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 5ஆம் தேதி நம் சொந்த நாட்டு விமானங்களே ஐசால் மேல் குண்டு போட்டன. பிறகு கிராமங்களைக் காலி செய்து மக்களைச் சாலையோர முகாம்களில் கூட்டிவைத்தார்கள், ஜூம் நிலத்துக்குப் போக நேரம் குறித்தார்கள், அரிசி ரேஷனில் அளந்து வந்தது. அந்த நாட்களில் பிடி சிறுத்ததே தவிர நிற்கவில்லை என்று வீட்டுக்கார அம்மா சொல்வார். வெளிநாட்டு மிஷனரிகள் கிளம்பிப் போனதும் அந்தக் கலவரக் காலத்தை ஒட்டித்தான். ஆஸ்பத்திரியும் பள்ளியும் மூடிப்போக எல்லாக் காரணமும் இருந்தது, மூடவில்லை. சபைத் தலைவர்கள் அரசுக்கும் காட்டுக்குள் இருந்த கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடுவே நடையாக நடந்தார்கள். 1986 ஜூன் 30ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, இன்றுவரை அது நிற்கிறது. இந்தியாவில் இப்படி நிலைத்த சமாதான ஒப்பந்தம் வேறு எத்தனை இருக்கிறது என்று உங்கள் அரசியல் பக்கத்தில் எழுதுகிறவர்கள் ஒருமுறை யோசிக்கட்டும்.

சமீபத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சின் மக்கள் எல்லை தாண்டி வந்தார்கள், 30 ஆயிரத்துக்கும் மேல். உள்ளே விடாதீர்கள் என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. 2022 கடைசியில் பங்களாதேஷ் மலைப்பகுதியிலிருந்து பாம் மக்கள் லாங்த்லாய் பக்கம் வந்தார்கள், 2023 மே மாதத்துக்குப் பிறகு மணிப்பூரிலிருந்து ஆயிரக்கணக்கில். 2011 கணக்கெடுப்பில் மொத்தமே பதினோரு லட்சம் பேர் இருந்த மாநிலம், சொந்த வருமானம் சொற்பம். சபைகளும், மிசோ இளைஞர் சங்கமும், ஊர்க்காரர்களும் சேர்ந்து கூரை போட்டு அரிசி கொடுத்தார்கள். தெற்கே பாப்டிஸ்ட் சபையோடு லாய் மக்களின் தனிச் சபையும் மற்றவர்களும் சேர்ந்தே செய்தார்கள், ஒருவர் பெயரை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. இவர்கள் நம் சொந்தக்காரர்கள் என்று அவர்கள் சொன்னார்கள், செய்தும் காட்டினார்கள். நம் ஊர் அகதி முகாம்களில் நாற்பது வருஷமாக இருக்கும் ஈழத்துக் குடும்பங்களை நினைத்தால், இந்தச் செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் இன்னும் பெரிதாக வந்திருக்க வேண்டாமா?

எல்லாவற்றிலும் அந்தச் சபைகளோடு நான் ஒத்துப்போகிறவன் இல்லை. சபைகள் வற்புறுத்திக் கொண்டுவந்த மதுவிலக்கு 1997ல் வந்தது, 2015ல் தளர்ந்தது, 2019ல் மறுபடி வந்தது, ஆனாலும் கள்ளச்சாராயத்தையும் எல்லை தாண்டி வரும் ஹெராயினையும் தடுக்க முடியவில்லை. இது சட்டத்தால் தீருகிற காரியமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். குழந்தை ஞானஸ்நானம் விஷயத்தில் வீட்டுக்கார அம்மாவோடு எத்தனையோ ராத்திரி வாதாடியிருக்கிறேன், நான் சிஎஸ்ஐ, அவர்கள் விவரம் தெரிந்த வயதில்தான் முழுக்கு கொடுப்பார்கள். அந்த வாதம் முடியவே இல்லை.

நான் நாசரேத்துக்காரன், மர்காஷிஸ் ஐயர் பெயரில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் அப்பாச்சியும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சபைக் கலயத்தில் போட்டவர்தான். பனையேறிகள் முதல் கருப்பட்டியை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். இந்திய மிஷனரி சங்கத்தைப் பாளையங்கோட்டையில் தொடங்கியது 1903 பிப்ரவரி 12, அதாவது லொரெய்னும் சாவிட்ஜும் செர்கானுக்கு வந்த தேதிக்கு ஏறக்குறைய ஒரு மாசம் முந்தி. வெள்ளாளன்விளைக்காரரான அசரியா ஐயரும் கூட இருந்தவர்களும் நம் காணிக்கையை வைத்தே தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள், லண்டன் பணத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆகவே இது நமக்குத் தெரியாத பாடம் இல்லை. ஆனால் இன்றைக்கு எங்கள் பக்கத்துச் சபைகளைப் பற்றிப் பத்திரிகையில் வருகிற செய்தி என்ன? தேர்தல் தகராறு, நீதிமன்ற வழக்கு, சொத்துக் கணக்கு. எந்தத் திருமண்டலம் என்று பெயர் சொல்ல வரவில்லை, வாசிக்கிறவர்களுக்கே தெரியும். என் பேரப்பிள்ளைகள் பிடியரிசிக் கலயத்தைப் பார்த்ததே இல்லை. எனக்கு அது நிஜமாகவே வலிக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். வடகிழக்கு என்றாலே துப்பாக்கிச் சூடு நடந்த அன்றைக்கு மட்டும் எழுதாமல், உங்கள் நிருபர் ஒருவரை லுங்லேவுக்கு அனுப்புங்கள். அரசியல்வாதிகளை விடுங்கள், சபைப் பெண்கள் சங்கத்தில் போய்ப் பேசச் சொல்லுங்கள், அரிசி எப்படிக் காசாகிறது, காசு எப்படி மருந்தாகிறது என்று கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் மிசோ குடும்பங்களிடமும் கேட்கலாம், அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்.

போவதாக இருந்தால், உள்நுழைவு அனுமதிச் சீட்டு முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். சாய்ராங் வரை இப்போது ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஐசால் கிட்டம்தான், அப்புறம் சுமோ. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் இறங்க வேண்டாம், ஒரு கடையும் திறந்திருக்காது. யாராவது வீட்டில் கூப்பிட்டுச் சோறு போட்டால், அடுப்படியில் அந்த டப்பா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.